கீழே என்ன தரை? டொரொண்டோ பள்ளி விளையாட்டுத் திடல்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2000-ஆம் ஆண்டில் டொரொண்டோ மாவட்டப் பள்ளி வாரியம் தன் தொடக்கப் பள்ளிகளில் இருந்த விளையாட்டுச் சாதனங்களை வல்லுநர்களை வைத்துப் பரிசோதித்தது. 136 பள்ளிகளில் இருந்த ஏணிகள், சறுக்குமரங்கள், தொங்கு கம்பிகள் ஆபத்தானவை என்று முடிவானது. பிறகு அவற்றை ஒவ்வொரு பள்ளியாகப் பெயர்த்தெடுக்கத் தொடங்கினார்கள். அவற்றில் பல, பெற்றோர் கேக் விற்றும் நன்கொடை கேட்டும் சேர்த்த பணத்தில் வாங்கியவை. புதியவை வந்து சேரும்வரை பிள்ளைகளுக்கு மிஞ்சியது வெறும் தார்த் தரையும் வேலியும்தான்.

பெற்றோருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. கனடியத் தரநிலைச் சங்கம் 1998-இல் வெளியிட்ட விளையாட்டுத் திடல் தரநிலைதான் இத்தனைக்கும் காரணம். அது சட்டம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகை ஆவணம். புதிதாகக் கட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஏற்கெனவே நிற்பதையெல்லாம் பிடுங்கிப் போடு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் இப்படி ஒரு ஆவணம் இருக்கும்போது ஒரு குழந்தை விழுந்து வழக்கு வந்தால், "தெரிந்தும் ஏன் விட்டுவைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு வாரியத்திடம் பதில் இருக்காது. இந்தப் பயம்தான் இயந்திரங்களை வரவழைத்தது என்று நினைக்கிறேன். டொரொண்டோவில், அதிலும் ஸ்கார்பரோ பக்கம், இந்த வாரியத்தின் பள்ளிகளில் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அந்த வருடம் வெறும் தரையில் ஓடிப்பிடித்து விளையாடியது இவர்களில் சிலருக்கு நினைவிருக்கக்கூடும்.

அதிகாரிகளின் அச்சம், அதில் பறிபோன பிள்ளைகளின் விளையாட்டு என்று இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் டொரொண்டோவில் சிலர் உட்கார்ந்து எண்ணினார்கள். அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

தரநிலை எதைத் தேடியது

தரநிலையின் முக்கிய விதிகளில் ஒன்று இடைவெளிகளைப் பற்றியது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 9 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 23 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவு ஆகாது.

ஒரு நான்கு வயதுப் பிள்ளை மேடையின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே காலை விட்டு இறங்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் போகும். இடுப்பு நெளிந்து போகும். நெஞ்சும் அமுங்கிப் போய்விடும். தலை போகாது, ஏனென்றால் அந்த வயதில் உடம்பிலேயே அகலமாகவும் அமுங்காமலும் இருப்பது தலைதான். கால் தரையைத் தொடாது, கழுத்தில் மொத்த எடையும் தொங்கும். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு ஒரு சத்தமும் கேட்காது.

இந்த ஆபத்தைப் பிள்ளை கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. உயரமான ஏணியைப் பார்த்தால் பயம் வரும், அந்தப் பயமே பாதி பாதுகாப்பு. 15 சென்டிமீட்டர் இடைவெளியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் பயப்படாது. பெரியவர்களான நமக்கே அது கண்ணில் படுவதில்லை.

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1990 முதல் 2000 ஆகஸ்ட் வரையிலான மரணங்களைத் தொகுத்தபோது, விளையாட்டுச் சாதனங்கள் தொடர்பாக 15 வயதுக்குக் குறைந்த 147 பிள்ளைகள் இறந்திருந்தது தெரியவந்தது. அதில் பாதிக்கும் மேல் கழுத்து இறுகி நேர்ந்தவை. சாதனத்தில் கட்டிய கயிறு, ஸ்கிப்பிங் கயிறு, மேலங்கியின் நாடா, நாய்ச் சங்கிலி என்று காரணங்கள் நீள்கின்றன. விழுந்து இறந்தவர்கள் 31 பேர். இடம் தெரிந்த மரணங்களில் பத்தில் ஏழு நடந்தது வீட்டுத் தோட்டத்தில், பொதுப் பூங்காவில் அல்ல. பெற்றோர் காவல் காப்பது விழாமல் இருக்கத்தான். உயிரை அதிகம் எடுத்ததோ கழுத்தில் கிடந்த கயிறு. பூங்காவுக்குள் நுழையும்போது பிள்ளையின் துப்பட்டா, சால்வை, கழுத்தில் மாட்டிய சாவிக் கயிறு இவற்றைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத காரியம் இது, இருக்கிற எச்சரிக்கைகளிலேயே பலன் பெரியது.

எண்ணிப் பார்த்ததில் கிடைத்தது

டொரொண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ ஹவர்டும் அவருடைய குழுவினரும் பள்ளி வாரியத்தின் இந்த முடிவை ஓர் ஆய்வு வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஊர், ஒரே வாரியம். சில பள்ளிகளில் சாதனங்கள் மாறின, சிலவற்றில் மாறவில்லை. காயம் பட்டால் பள்ளிகள் காப்பீட்டு அமைப்புக்கு அனுப்பும் அறிக்கைகள் கையில் இருந்தன. பழையவற்றை எடுத்துப் புதியவை வைத்து முடித்திருந்த 86 பள்ளிகளை, மாற்றம் தேவைப்படாத 225 பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2005-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளியாயின.

மாற்றிய பள்ளிகளில் 1,000 மாணவர்களுக்கு மாதம் 2.61 காயம் என்றிருந்தது 1.68 ஆகக் குறைந்தது. மாற்றாத பள்ளிகளில் 1.44 என்றிருந்தது 1.81 ஆகக் கூடியது. சுமார் 550 காயங்கள் தவிர்க்கப்பட்டன என்று கணித்தார்கள்.

500 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், பத்து மாதப் பள்ளி ஆண்டில் 13 காயம் நேர்ந்த இடத்தில் 8 நேர்ந்தது. ஐந்து பிள்ளைகள் அழுதுகொண்டு அலுவலக அறைக்கு வராமல் போனார்கள். பெரிய புரட்சி என்று இதைச் சொல்ல முடியாது. அதற்காக ஒன்றுமில்லை என்றும் தள்ள முடியாது, அந்த ஐந்தில் ஒன்று உங்கள் பிள்ளையின் முழங்கையாக இருந்திருக்கலாம்.

இந்த எண்களைச் சந்தேகிக்கவும் இடம் இருக்கிறது. மாற்றிய பள்ளிகளில் தொடக்கத்திலேயே காயம் மிக அதிகம். மிக அதிகமாக இருக்கும் ஒன்று தன்னாலேயே ஓரளவு சராசரியை நோக்கி இறங்கும், அது புள்ளிவிவரத்தின் இயல்பு. எனவே குறைந்தது முழுவதும் புதிய சாதனங்களின் புண்ணியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது காயக் கணக்கை வைத்து அல்ல, சாதனங்களின் நிலையைப் பார்த்து. ஆபத்தானவை என்று பரிசோதகர்கள் குறித்த பள்ளிகளில்தான் உண்மையிலேயே காயமும் அதிகமாக இருந்தது. பரிசோதனை சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது.

ஆகவே பெற்றோரின் கோபத்துக்கும் காரணம் இருந்தது, வாரியத்தின் செயலுக்கும் பலன் இருந்தது. செய்த முறைதான் தவறு. புதியது வந்து சேரும் முன்பே பழையதைப் பெயர்த்தெடுத்தது, பிள்ளைகளின் விளையாட்டை ஒரு பொருட்டாகவே எண்ணாத செயல். சாதனம் இல்லாத அந்த மாதங்களில் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்பதை எந்தக் காப்பீட்டு அறிக்கையும் பதிவு செய்யவில்லை. கீழே விழுந்தால் படிவம் உண்டு. ஏறாமலே இருந்ததற்குப் படிவம் கிடையாது.

மணலும் மரச் சிராயும்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இதற்குப் பிறகு வருகிறது. எல்லாத் திடல்களும் புதிய தரநிலைப்படி அமைந்துவிட்டன, சரி. அப்புறமும் கைகள் முறிந்துகொண்டிருந்தன. ஏன்?

தரை பற்றிய விதியைப் பாருங்கள். சாதனத்துக்குக் கீழே இருக்கும் தரையைச் சோதிக்க, உள்ளே கருவி பொருத்திய தலை வடிவ உருவத்தை மேலிருந்து போடுவார்கள். மோதலின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதைக் கருவி அளக்கும். ஒரு வரம்புக்குள் இருந்தால் தரை தேறிவிடும். அந்தச் சோதனை தலைக்கானது. தலையைக் காப்பாற்றுவதில் அது வேலை செய்கிறது. ஆனால் பிள்ளைகள் தலைகுப்புற விழுவது அரிது. கைமாற்றிக் கைமாற்றிப் போகும் கம்பியில் பிடி நழுவும்போது உடம்பு பின்னுக்கோ பக்கவாட்டிலோ சாயும், கை தானாக நீளும். உள்ளங்கை தரையில் ஊன்றிய இடத்திலேயே நிற்க, பின்னால் முழு உடம்பும் வந்து இறங்கும். முழங்கை பின்பக்கமாக வளைந்து, மேற்கை எலும்பு மூட்டுக்குச் சற்று மேலே, மெலிந்திருக்கும் இடத்தில் உடையும். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இந்த முறிவு மிக அதிகம். சிலருக்கு மாவுக்கட்டோடு போய்விடும், சிலருக்கு அறுவை செய்து கம்பி வைக்க வேண்டிவரும்.

ஹவர்டு குழு அடுத்து ஒரு துணிச்சலான ஆய்வைச் செய்தது. புதிய சாதனம் பெறும் பள்ளிகளில் சிலவற்றுக்குக் கிரானைட் மணல், சிலவற்றுக்குப் பதப்படுத்திய மரச் சிராய் என்று குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். இரண்டுமே தரநிலைப்படி தேறியவை. இரண்டரை ஆண்டுகள் கைமுறிவுகளை எண்ணினார்கள். 2009-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் முடிவு வந்தது. சாதனத்திலிருந்து மணலில் விழுந்து கை முறிந்தது 1,00,000 மாணவர்-மாதத்துக்கு (ஒரு மாணவர் பள்ளியில் இருக்கும் ஒரு மாதம் ஒரு மாணவர்-மாதம்) 1.9. மரச் சிராயில் 9.4. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. தலையில் பலத்த அடி இரு பக்கமும் இல்லை.

400 பிள்ளைகள் உள்ள பள்ளி என்றால் மரச் சிராயில் இரண்டே முக்கால் வருடத்துக்கு ஒரு கை, மணலில் பதின்மூன்று வருடத்துக்கு ஒரு கை. முறிந்த கைகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் ஐந்து மடங்கு என்பதை அப்படியே நெட்டுருப் போட வேண்டாம், உண்மையில் அது நன்றாகக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். திசை மட்டும் தெளிவு. உராய்வுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். மணலில் உள்ளங்கை கொஞ்சம் வழுக்கிப் போகும், விசை எலும்பில் தங்காமல் சிதறும். நாரும் சிம்பும் பின்னிக் கிடக்கும் மரச் சிராய் கையைப் பிடித்து நிறுத்திவிடும்.

சாதனத்தின் உயரத்தை யாரும் குறைக்கவில்லை, ஒரு கம்பியைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் அதே மாதிரி ஏறினார்கள், அதே மாதிரி தொங்கினார்கள், அதே மாதிரி விழுந்தார்கள். மாறியது கீழே கிடந்த பொருள் மட்டும். விளையாட்டுத் திடல் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் மேலே பார்த்துப் பேசுகிறோம்: எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், ஏறவிடலாமா கூடாதா. கேட்க வேண்டிய முதல் கேள்வி கீழே கிடக்கிறது.

நாம் எப்படி எடை போடுகிறோம்

பூங்காவில் இரண்டு குரல்கள் கேட்கும். "டேய் பார்த்துடா, விழுந்துடுவே, இறங்கு" என்பது ஒன்று. "நாங்கள்லாம் புளியமரம் ஏறித்தான் வளர்ந்தோம், என்ன ஆயிடுச்சு?" என்பது இன்னொன்று. இரண்டாவது குரலில் ஒரு ஓட்டை உண்டு. மரத்திலிருந்து விழுந்து நடமாட்டம் போனவர்கள் அந்தப் பூங்காவுக்கு வந்து நம்மோடு பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். முதல் குரலில் அன்பு இருக்கிறது, ஆனால் உதவி இல்லை. நாலடி உயரத்தில் கால் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு "விழுந்துடுவே" என்பதால் என்ன தெரிய வரும்? "வலது காலுக்குக் கீழே ஒரு படி இருக்கு பாரு" என்றால் அது பயன்படும் பேச்சு.

ஆபத்தை நாம் எடை போடும் விதத்தில் இன்னொரு கோணலும் இருக்கிறது. 2016-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆஷ்லி தாமஸ், கைல் ஸ்டான்ஃபர்ட், பார்பரா சார்னெக்கா மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிறிது நேரம் தனியாக இருக்கும் பிள்ளையைப் பற்றிய குறுங்கதைகளைக் கொடுத்து, ஆபத்து எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிள்ளை, இடம், நேரம் எதுவும் மாறவில்லை. பெற்றோர் ஏன் இல்லை என்ற காரணத்தை மட்டும் மாற்றினார்கள். அம்மா விபத்தில் மாட்டிக்கொண்டதால் வர முடியவில்லை என்றால் ஆபத்து குறைவு என்றார்கள். வேலைக்காகப் போனாள் என்றால் கூடியது. காதலனைப் பார்க்கப் போனாள் என்றால் எல்லாவற்றையும்விட அதிகம். பிள்ளைக்கு எந்த வித்தியாசமும் இல்லை, அம்மாவின் மீது நமக்கு இருக்கும் கோபம் பிள்ளையின் ஆபத்தாக மாறிப் போய்விட்டது.

இதைப் படித்த பிறகு எனக்குப் பல காட்சிகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. பிள்ளை ஏணியின் உச்சியில் நிற்க, கீழே அம்மா கைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் சுற்றி நிற்பவர்களுக்கு அந்த ஏணி திடீரென்று உயரமாகிவிடுகிறது. அதே ஏணி, அதே பிள்ளை, கீழே அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றால் பாதுகாப்பு. அந்த நீட்டிய கை, விழும் பிள்ளையைப் பிடிக்கப் பெரும்பாலும் நேரத்துக்கு எட்டாது. ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது.

அக்கறை காலை ஒடித்த கதை ஒன்று மருத்துவ இதழ்களிலேயே இருக்கிறது. சிறு பிள்ளை தனியாகச் சறுக்கினால் பயமாக இருக்கிறதே என்று பெற்றோர் மடியில் வைத்துக்கொண்டு சறுக்கிவருவார்கள். பாதி வழியில் பிள்ளையின் ஷூ சறுக்குமரத்தின் ஓரத்தில் ஒட்டி நிற்கும். பிள்ளை தனியாக வந்திருந்தால் அதன் பத்துப் பன்னிரண்டு கிலோ அங்கேயே தேங்கி நிற்கும், காலை இழுத்துக்கொண்டு மறுபடி சறுக்கும். மடியில் இருக்கும்போது பின்னால் எழுபது கிலோ வந்துகொண்டே இருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கி உடையும். நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றில் பதினோரு மாதத்தில் பார்த்த 58 கீழ்க்கால் முறிவுகளில் 8 இப்படி நேர்ந்தவை. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் அளித்த தொகுப்பின்படி, 2002 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஆறு வயதுக்குக் குறைந்த சுமார் 3,52,000 பிள்ளைகள் சறுக்குமரத்தில் காயப்பட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு முறிவு, அதில் பெரும்பாலும் கீழ்க்கால். மடியில் வைத்துச் சறுக்கியவர் கவனக்குறைவான பெற்றோர் என்று யாராவது சொல்வார்களா?

டொரொண்டோவுக்குத் திரும்பினால், 2011 நவம்பரில் அந்த நகரின் ஒரு தொடக்கப் பள்ளி கால்பந்து, டென்னிஸ் பந்து போன்றவற்றைத் தடை செய்தது. பள்ளி வளாகத்தில் ஒரு பெற்றோரின் தலையில் பந்து பட்டு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. ஊரெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, சில வாரங்களில் தடை தளர்ந்தது. 2000-ஆம் ஆண்டு முடிவோடு இதைச் சேர்த்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அங்கே பரிசோதனை இருந்தது, குறைபாடு என்ன என்று எழுதி வைத்திருந்தார்கள், பிறகு எண்ணியும் பார்த்தார்கள். இங்கே நடந்தது ஒரே ஒரு சம்பவத்துக்கான பதற்றம்.

கனடியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடும் இதற்கிடையில் நகர்ந்திருக்கிறது. 2012-இல் அது வெளியிட்ட அறிக்கையின் பொருள் திடல் காயங்களைத் தடுப்பது. 2024 ஜனவரியில் வெளியிட்டதோ பிள்ளைகள் வெளியில் துணிந்து விளையாட வேண்டும் என்பதைப் பற்றியது: உயரம் ஏறுவது, வேகமாகப் போவது, மல்லுக்கட்டுவது எல்லாம் வளர்ச்சிக்குத் தேவை என்கிறது. முந்தையதை மறுத்துவிட்டதாக இதைப் படிக்கக் கூடாது. பிள்ளை தானே பார்த்து, எடை போட்டு, ஏறலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூடிய துணிவு ஒரு பக்கம். உளுத்த பலகை, தளர்ந்த ஆணி, தலை சிக்கும் இடைவெளி போன்ற, பிள்ளைக்குத் தெரியவே தெரியாத ஆபத்து மறுபக்கம். இரண்டாவதைப் பெரியவர்கள் களைய வேண்டும், முதலாவதைப் பிள்ளையிடம் விட வேண்டும் என்கிறது 2024 அறிக்கை. டொரொண்டோ எண்கள் காட்டுவதும் ஏறக்குறைய இதுதான்.

மணலுக்கு ஒரு விலை

அப்படியானால் எல்லா இடத்திலும் மணலைக் கொட்டிவிடலாமே என்று தோன்றும். மணலில் சக்கர நாற்காலி நகராது. ஊன்றுகோலோடு வரும் பிள்ளைக்கும் அது சேறு மாதிரிதான். பதப்படுத்திய மரச் சிராய் இறுகிப் படிந்துகொள்வதால் அதன்மேல் சக்கரம் ஓரளவு ஓடும், ரப்பர் தரையில் நன்றாகவே ஓடும். அதனால்தான் பல நகரங்களில் புதிய திடல்கள் மணலைக் கைவிட்டு வருகின்றன. அதை வெறும் நாகரிக மோகம் என்று தள்ள எனக்கு மனமில்லை. நண்பர்கள் ஊஞ்சலாடுவதை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளைக்கு நேரும் நட்டம் கைமுறிவைவிடச் சிறியதா?

மணலுக்குப் பராமரிப்பும் வேண்டும். உதிரித் தரை 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால்தான் தாங்கும். ஊஞ்சலுக்குக் கீழே பிள்ளைகள் காலால் உந்தி உந்திப் பள்ளம் விழும், சறுக்குமரத்தின் வாயிலும் அப்படித்தான். பிள்ளைகள் விழக்கூடிய இடங்களும் அவைதான். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் இழுத்துச் சமன் செய்ய ஆள் இல்லையென்றால், மழை பெய்து இறுகி, குப்பையும் கண்ணாடிச் சில்லும் கலந்து, பெயருக்கு மணலாக ஒரு கட்டாந்தரை கிடக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது கலந்து அமைப்பது. தொங்கு கம்பியும் உயர மேடையும் நிற்கும் இடத்தில், சுற்றிலும் 1.8 மீட்டருக்கு ஆழமான மணல். நுழைவிலிருந்து ஊஞ்சல், தரைமட்ட விளையாட்டுகள், சாய்தளம் வரை சக்கரம் ஓடும் இறுகிய பாதை. இப்படிச் செய்தால் எந்த இடத்தில் எந்தத் தரை என்பதை விழும் வாய்ப்பு முடிவு செய்யும், விலைப்பட்டியல் முடிவு செய்யாது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் புதிய சாதனம் வரப்போகிறது என்று கூட்டம் போட்டால், வண்ணப் படத்தைக் காட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: கம்பிக்குக் கீழே என்ன பொருள், எத்தனை சென்டிமீட்டர் ஆழம், அதை யார் எந்தக் கிழமை கிளறிவிடுவார்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வரவேண்டும்.